சரியாகிவிட்ட டெக்

ஜூன் 12

அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. உங்கள் வீட்டு நலமெல்லாம் அண்ணி இவருக்குப் போன் செய்யும்போதே வந்து சேர்ந்துவிடுகிறது. நேரே விஷயத்துக்கு வருகிறேன். அப்பா வாங்கிய பழைய வீடியோ டெக் அவர் போன பிறகு உன்னிடம்தான் இருக்கிறது. எனக்கு அது ஓட வேண்டும்.

செல்போனில் நாலு வரி அடித்திருக்கலாம். அடித்தால் நீ "சரி" என்று ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவாய். அது எனக்குப் போதாது. வாய் போனவளுக்குக் காகிதமாவது நீளமாக வேண்டும்.

குட்டி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிறாள். போன வாரம் பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள். "எல்லாரும் உங்கம்மா ஊமையான்னு கேக்கறாங்க. நீ பொறந்ததுலேருந்தே இப்படியாம்மா?" என்றாள். எழுதிக் காட்டினால் அவளுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. கழுத்தில் வைத்துப் பேசும் அந்தக் கருவியை எடுத்தேன். அதன் கரகரப்பைக் கேட்டதும் வழக்கம்போலக் காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். இவர் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்ததும் சமாதானம் சொல்லிப் பார்த்தார். "உங்கம்மா பேசிப் பேசியேதான் என்னைக் கவுத்தா." "பொய்" என்றாள் குட்டி. சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அந்தப் "பொய்" என்னை ஓர் இடத்தில் உட்காரவிடவில்லை. துவைத்த துணியையே எடுத்துத் திரும்பத் துவைக்கிறேன். என் குரல் இருப்பது ஒரே ஒரு கேசட்டில். நீ பயிற்சிக்குப் போய் ஹாஸ்டலில் இருந்தபோது அப்பா கேமராவை டெக்கோடு இணைத்து எடுத்து உனக்கு அனுப்பினாரே, அதில். நீ அங்கே போட்டுப் பார்த்துவிட்டு, "படம் தெரியுது, பேச்சு ஒண்ணும் புரியல" என்று திருப்பி அனுப்பிவிட்டாய். நான் பேசியதை நீ இன்றுவரை கேட்டதே இல்லை. இப்போது இங்கே ஒரு கடையில் கொடுத்துச் சிடியில் ஏற்றச் சொன்னேன். அதே கதைதான். போர்வைக்குள்ளிருந்து யாரோ முனகுகிற மாதிரி வருகிறது. குட்டி கேட்டுவிட்டு, "தண்ணிக்குள்ள இருக்கியாம்மா?" என்றாள். கேசட் கெட்டுவிட்டது என்கிறார் கடைக்காரர். கெடவில்லை. நம் வீட்டு டெக்கில் அது மணி மாதிரி கேட்கும். எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பேன். அந்த டெக்கில்தான் கேட்கும்.

பரணிலிருந்து இறக்கு. ஓடவை. இதற்கு மேல் உன்னிடம் ஒன்றும் கேட்கமாட்டேன்.

தங்கை


ஜூன் 21

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். நீ கேட்காவிட்டாலும் எழுதுவது முறை.

டெக்கை இறக்கி மூடியைக் கழற்றினேன். பெல்ட் உருகிச் சக்கரங்களில் தார் மாதிரி ஒட்டியிருக்கிறது. டேப்பை இழுக்கும் ரப்பர் உருளை இறுகிக் கண்ணாடிபோல வழுக்குகிறது. ஒரு மூலையில் பல்லி முட்டை ஓடுகள். பழைய சாமான் கடையில் இன்னொரு டெக் பார்த்து வைத்திருக்கிறேன், உருளையை அதிலிருந்து எடுக்கலாம். பெல்ட்டுக்கு அலைய வேண்டும். வார நாட்களில் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிக்கும் என் வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கை வைக்க முடியும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு டெக்கில்தான் கேட்கும் என்று எழுதியிருக்கிறாய். அப்படி இருக்க நியாயமில்லை. ஒரு கிலோ என்றால் எல்லாக் கடையிலும் ஒரு கிலோதான். டெக்குகளும் அப்படித்தான், எல்லாம் ஒரே அளவுக்குச் செய்தவை. வருஷங்கள் போகப் போக ஞாபகம் நமக்கு வேண்டியபடி வளைந்துகொடுக்கும். இருந்தாலும் செய்கிறேன். கேசட்டை அனுப்பிவை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குட்டிக்கு என் அன்பு.

அண்ணன்


ஜூலை 2

அண்ணாவுக்கு,

கேசட் வராது. முதலில் டெக் ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம்.

உன்னிடம் கொடுக்கிற சாமான் உடைந்து திரும்பும் என்று எனக்குப் பயமில்லை. சரியாகித் திரும்பும் என்றுதான் பயம். என் பொம்மைக்கு ஒரு கண் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது என்று நீ பிடுங்கி நேராக ஒட்டிக் கொடுத்தாயே, ஞாபகமிருக்கிறதா? அதற்குப் பிறகு அது என்னை யாரோ மாதிரி முறைத்துக்கொண்டே இருந்தது. நான் அதோடு விளையாடவேயில்லை. நீ மட்டும் வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினாய்.

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். பேனா அங்கேயே போகிறது. தொண்டையில் கட்டி என்று தெரிந்ததும் டாக்டர் என்ன சொன்னார்? "ஒரு வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிடலாம், ஆனா குரல் போயிடும்" என்றார். அந்த ஒரு வாரத்தைத்தான் நான் கேட்டேன். குட்டி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். அவள் பெரியவளானால் கேட்கட்டும் என்று நாலு கதை, ரெண்டு தாலாட்டு, சாப்பிட அடம்பிடித்தால் போட்டுக் காட்ட ஒரு நல்ல திட்டு, எல்லாம் பதிந்து வைக்க நினைத்தேன். "கட்டிக்கு வாரக்கணக்கு தெரியாது" என்றாய் நீ. இவரை வராந்தாவுக்குத் தனியாகக் கூட்டிப் போய் என்னவோ பேசினாய். மறுநாள் காலையிலேயே என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நீ செய்தது சரி என்று பிறகு டாக்டர் சொன்னார். பார்க்க வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். நானும் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சரியாகச் செய்தவனிடம் எப்படிச் சண்டை போடுவது? அதனால்தான் என் கோபம் தீரவே மாட்டேன் என்கிறது.

நான் பாடம் நடத்திய பள்ளியில் இப்போது என்னை நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். பேசக்கூடாத அறைக்குப் பேச முடியாதவள். பொருத்தமாகத்தான் யோசித்திருக்கிறார்கள்.

டெக் என்ன ஆயிற்று? சீக்கிரம் எழுது. தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே வாசலுக்குப் போய்விடுகிறேன். அவர் என்னைப் பார்த்துச் சங்கடப்படுகிறார்.

தங்கை


ஜூலை 22

அன்புள்ள தங்கைக்கு,

டெக் ஓடுகிறது.

பெல்ட் கிடைக்கவேயில்லை. கடைசியில் ஒரு தையல் மெஷின் கடையில் தொங்கிய ரப்பர் வளையத்தை அளந்து பார்த்தேன், சரியாகப் பொருந்தியது. உருளையை மாற்றினேன். ஸ்பிரிட்டும் மெல்லிய துணியும் வைத்து டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் பழைய சினிமாக் கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன, அவற்றைப் போட்டுப் பார்த்தேன். படம் நன்றாக வந்தது. பேச்சுதான் மந்தமாக இருந்தது, எந்தக் கேசட்டைப் போட்டாலும்.

காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டேன். ஒலியைப் படிக்கும் சின்ன ஹெட் ஒன்று உள்ளே உண்டு. அது நேராக நிற்க வேண்டும். நம் டெக்கில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதை நிறுத்தும் ஸ்க்ரூ மேல் யாரோ சிவப்பாக எதையோ அப்பி ஒட்ட வைத்திருந்தார்கள். சுரண்டி எடுத்துச் சுத்தம் செய்துவிட்டு, ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். திடீரென்று திறந்துகொண்டது. கதாநாயகி வளையலைக் கழற்றி வைக்கும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கிறது. இத்தனை காலம் இந்த டெக் தப்பாகவே ஓடியிருக்கிறது. உன் அண்ணி சொல்கிறாள், "இவருக்குப் பொண்டாட்டி பேசறது கேக்காது, அந்தப் பொட்டி பேசறது மட்டும் துல்லியமா கேக்கணும்."

இனி எந்தக் கேசட்டையும் போடலாம். தைரியமாக அனுப்பு.

அண்ணன்


ஜூலை 30

அண்ணாவுக்கு,

தெளிவாகக் கேட்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். சாதம் அடிப்பிடித்து வீடெல்லாம் புகை. இவர் வந்து அடுப்பை அணைத்தார்.

கேசட்டைத் தபாலில் போட மனசு வரவில்லை. இவர் கூட்டாளிகளான டிரைவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன், ஒவ்வொரு பஸ் நிலையத்திலும் ஒருவர் வாங்கி அடுத்தவரிடம் சேர்ப்பார். "டிரைவர் சீட்டுக்குப் பின்னால வெயில் படாம வெச்சுக்கங்கண்ணே, என் பொண்டாட்டி அதுக்குள்ள இருக்கா" என்று இவர் முதல் ஆளிடம் சொல்லிவிட்டார். அந்த மனிதர் பயந்துபோய் இரண்டு கையாலும் வாங்கினார்.

குட்டியிடம் சொல்லிவிட்டேன். அதாவது இவர் சொன்னார். அவள் நம்பவில்லை, ஆனால் தினமும் கேட்கிறாள், "மாமா பொட்டி ஒட்டிட்டாராம்மா?"

கிடைத்ததும் எழுது. அன்றைக்கே எழுது.

தங்கை


ஆகஸ்ட் 8

அன்புள்ள தங்கைக்கு,

கேசட் பத்திரமாக வந்தது. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன்.

பேச்சு வரவில்லை. ஹாஸ்டலில் கேட்ட அதே முனகல். உன் கடைக்காரர் சொன்னது உண்மை. ஆரம்பத்தில் அப்பா முகம் தெரிகிறது, வாய் அசைகிறது, ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. சந்தேகத்துக்குச் சினிமாக் கேசட்டைப் போட்டேன், கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆக டெக்கில் குறையில்லை. கேசட்டில்தான் குறை. ஓட ஓட ஹெட்டில் பழுப்பாகப் பொடி உதிர்ந்து ஒட்டுகிறது. இனி அதிகம் ஓட்டக்கூடாது என்று உடனே எடுத்துவிட்டேன்.

என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன். குட்டி வளர்ந்தால் புரிந்துகொள்வாள். மனசைத் தேற்றிக்கொள்.

அண்ணன்


ஆகஸ்ட் 13

அண்ணா,

மனசைத் தேற்றிக்கொள். ஆஸ்பத்திரியிலும் இதையேதான் சொன்னாய்.

உன் எல்லாக் கடிதங்களையும் எடுத்து வரிசையாக வைத்து மறுபடி படித்தேன். ஸ்க்ரூ மேல் சிவப்பாக எதையோ அப்பியிருந்தது என்று போன மாசமே எழுதியிருக்கிறாய். தெளிவாகக் கேட்கிறது என்ற இடத்துக்குத் தாவிவிட்டேன், அது என் கண்ணில் படவேயில்லை. அது என் நெயில் பாலிஷ். அப்பா என்னிடம் கேட்டு வாங்கிப் பூசியது.

நீ அப்போது வீட்டில் இல்லை, உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. டெக் வாங்கிய புதிதில் உள்ளே ஒரு பல்லி போய்விட்டது. கடைக்காரனைக் கூப்பிட்டால் கௌரவம் என்ன ஆவது? அப்பாவே பிரித்து மேய்ந்தார். பல்லி வந்தது. கூடவே எந்தெந்த ஸ்க்ரூவையோ திருகிவிட்டார். எங்கே இருந்தது என்று தெரியாமல் ஒரு குத்துமதிப்பாக வைத்து, இனி அசையக்கூடாது என்று நெயில் பாலிஷை அப்பிவிட்டார். அன்றையிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்த படமெல்லாம் மூக்கடைத்த மாதிரிதான் பேசும். அப்பா வாடகைக் கடைக்காரரோடு தெருவே வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டார். ஆனால் நம் டெக்கிலேயே நாம் பதிந்தது மட்டும் நம் டெக்கில் நன்றாகக் கேட்கும். உனக்கு எடுத்ததும் அதற்கப்புறம்தான். அதனால்தான் உன் ஹாஸ்டலில் கேட்கவில்லை. அதனால்தான் அந்த டெக் வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே தலையில் அடித்துக்கொண்டேன். காரணம் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். நீ எனக்கு ஒரு கிலோ பாடம் நடத்தினாய்.

தப்பாக இருந்ததுதான் என் குரல், அண்ணா. அதை நீ சரிசெய்துவிட்டாய். மறுபடியும்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். கேசட்டை வந்த வழியே திருப்பி அனுப்பு.


செப்டம்பர் 3

தங்கைக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

நீ சொன்னது அத்தனையும் உண்மை. சாய்ந்த ஹெட்டில் பதிந்ததைச் சாய்ந்த ஹெட்தான் படிக்கும். இருபது வருஷம் தராசு பார்க்கிறவனுக்கு இது தோன்றவில்லை. தப்பான எடைக்கல்லால் நிறுத்துக் கட்டிய பொட்டலத்தை அதே கல்லால் நிறுத்தால் சரியாகத்தான் காட்டும் என்று நானே புது ஆட்களுக்குச் சொல்வதுண்டு.

சிவப்பை ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததில் ஒரு கோடுகூட மிஞ்சவில்லை. அப்பா எங்கே நிறுத்தினார் என்பதற்கு அடையாளம் கிடையாது. காதால்தான் தேட வேண்டும். கேசட்டோ உதிர்கிறது. அதனால் நீ வரும் பகுதிக்கு ஓட்டவேயில்லை. ஆரம்பத்தில் அப்பா கேமராவைச் சோதித்துக்கொண்டு பேசுகிறார் பார், அந்தக் கொஞ்சத்தை மட்டும் ஓட்டுவேன். ஸ்க்ரூவை மயிரிழை திருப்புவேன். நிறுத்தித் துடைப்பேன். மறுபடி ஓட்டுவேன். முதல் ஞாயிறு வீணாயிற்று, எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஞாயிறுவரை காத்திருக்க முடியவில்லை. லீவு போட்டேன். நான் லீவு போட்டது ஆபீசில் பெரிய பேச்சாகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தாலும் கை ஸ்பூனைத் திருகிக்கொண்டிருக்கிறது என்கிறாள் உன் அண்ணி.

நேற்றுக் காலையில் அப்பா பேசினார். "ஓடுதா? செவப்பு லைட்டு எரியுதா? ஏய், ஒயர மிதிக்காத" என்றார். அவ்வளவு பக்கத்தில். நான் கால்களை இழுத்துக்கொண்டேன். உடனே டெக்கை நிறுத்திவிட்டேன். அவருக்கு அடுத்து நீ வருகிறாய். நான் அதைக் கேட்கவில்லை.

புதிதாகப் பதியும் கருவியின் வயரை டெக்கில் செருகித் தயாராக வைத்திருக்கிறேன். முழுசாக ஒரு தடவை ஓடும் என்று நம்புகிறேன். அதற்கு மேல் உத்தரவாதமில்லை. டெக்கை அனுப்பினால் வழியில் ஆடி ஸ்க்ரூ நகர்ந்துவிடும். நானே ஓட்டிப் பதிந்து அனுப்பலாம். அதுதான் சுலபம், அதுதான் சரியும்கூட.

ஆனால் செய்யமாட்டேன். ஆஸ்பத்திரி விஷயத்தில் அந்த நாள் மறுபடி வந்தாலும் நான் அதையேதான் செய்வேன். நீ இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்காக மன்னிப்புக் கேட்க எனக்கு வரவில்லை. இது அப்படியில்லை. இந்தப் பட்டனை நீ இல்லாமல் நான் அழுத்தமாட்டேன். குட்டியைக் கூட்டிக்கொண்டு வா. எப்போது வந்தாலும் சரி. அதுவரை அந்த அறையில் யாரும் மின்விசிறிகூடப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன்


செப்டம்பர் 9

அண்ணாவுக்கு,

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். இவருக்கு டியூட்டி இருக்கிறது, நானும் குட்டியும்தான்.

சமாதானமாகிவிட்டேன் என்று அண்ணியிடம் சொல்லி வைக்காதே. கேசட்டுக்காக வருகிறேன். மாற்றுத் துணி எடுத்து வைத்தேன், வெளியே எடுத்தேன், மறுபடி வைத்தேன். குட்டி அந்தப் பையைச் சுற்றிச் சுற்றி வருகிறாள்.

அந்த ஸ்க்ரூவின் பக்கம் போகாதே.

தங்கை


செப்டம்பர் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

வந்து சேர்ந்தோம். நீ இப்போது டெக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்று தெரியும். விடு. இரண்டாவது தடவை போட்டபோது டேப் சிக்கிக் கசங்கியது என் பிடிவாதத்தால். ஒரு தடவைதான் என்று நீ முன்பே எழுதியிருந்தாய். முதல் ஓட்டம் பதிந்துவிட்டது, அது போதும்.

முதல் தடவை ஓடும்போதே நீ பாதியில் எழுந்து தெருவுக்குப் போய்விட்டாய். எந்த இடத்தில் போனாய் என்று பார்த்தேன். "அண்ணா, எப்ப வர? நீ இல்லாம நான் பாட்டுக்கு பேசிக்கிட்டே இருக்கேன், வாய மூடுடீன்னு சொல்ல இந்த வீட்டுல ஒரு ஆளு இல்ல" என்று அந்தப் பெண் சொன்னாளே, அங்கே. பத்தொன்பது வயசில் உன்னை வம்புக்கு இழுக்கத்தான் அப்படிச் சொன்னேன். வேறொன்றும் நினைத்துச் சொல்லவில்லை. நீ அழுதாய் என்று அண்ணி சொன்னார். நல்லது. இத்தனை வருஷமாக நீ ஒரு தடவையாவது அழமாட்டாயா என்றிருந்தது எனக்கு. அடுத்த மாதம் இங்கே வா. மிச்சப் பாதியை நீ இன்னும் கேட்கவில்லை. அதில் உன்னை நிறையத் திட்டியிருக்கிறேன்.

நீ வெளியே போன பிறகு நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். அண்ணியும் சமையலறையில் இருந்தார். வேறு யாரும் பார்க்கவில்லை.

குட்டி டிவியை ஒழுங்காகப் பார்க்கவேயில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் திரும்பி என் வாயைப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். மறுபடி என் வாயை. முடியும்வரை அப்படியே. முடிந்ததும், "இது யாரோ அக்கா. நீ இல்ல" என்றாள். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகச் சொன்னாள். இதற்காகவா உன்னையும் என்னையும் இந்தப் பாடு படுத்தினேன் என்றிருந்தது. அதனால்தான் உன்னைக் கேட்காமல் கேசட்டைத் திருப்பிச் சுற்றி மறுபடி போட்டேன்.

இந்தத் தடவை நான் டிவி பக்கத்தில் போய் குட்டியைப் பார்த்து உட்கார்ந்தேன். அந்தக் கேசட்டில் எனக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை. குரல் வந்ததும் நானும் கூடவே வாயசைத்தேன். டிவியில் அந்தப் பெண் மூச்சு இழுத்தால் நானும் இழுத்தேன். அவள் சிரித்தால் சிரித்தேன். குட்டி முதலில் விலகிப் போனாள். அப்புறம் கிட்டே வந்தாள். என் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தாள். "அம்மா பேசுது" என்றாள், யாரிடமும் இல்லை, தனக்குத்தானே. என் மடியில் ஏறி உட்கார்ந்து முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள். நான் உன்னைத் திட்டுகிற இடம் வந்தபோது அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அங்கேதான் எங்கோ டேப் சிக்கியிருக்கிறது. சத்தம் நின்றுபோனது எனக்குத் தெரியவில்லை, என் வாய் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அண்ணி ஓடி வந்து டெக்கை அணைத்தபோதுதான் தெரிந்தது. குட்டி அண்ணியைப் பார்த்து, "அத்தை, இருங்க, அம்மா பேசிட்டு இருக்காங்க" என்றாள்.

தங்கை